நட்சத்திரம் பொறித்த துப்பாக்கி

நம்முடைய சேனையின் கையிலிருந்து இன்சாஸ் துப்பாக்கி மெல்ல மெல்ல விலக, ரஷ்ய வம்சத்தைச் சேர்ந்த ஏகே-203 அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொண்டிருக்கிற இக்காலத்தில், போகிறதைப் பழிப்பதும் வருகிறதைப் புகழ்வதும் பலருக்கு வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயம் வேறு. தோஷமில்லாமல் பிறந்த ராணுவத் துப்பாக்கி உலகில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கண்ட தோஷத்தை அவ்வப்போது நிவர்த்தி செய்து, ஒரே துப்பாக்கியை அடுத்தடுத்த வடிவங்களுக்கு வளர்த்துக்கொண்டு போகிற பொறுமை நம்மிடம் இல்லாமற் போனதையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

நம் போலீஸ்காரர்களின் தோளில் வெகுகாலம் தொங்கிய, ஜனங்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்த லீ-என்பீல்டு துப்பாக்கியின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி. 1888-இல் இங்கிலாந்து ஏற்றுக்கொண்ட லீ-மெட்போர்டு துப்பாக்கியின் குழலுக்குள் வெட்டியிருந்த புரிகள் ஆழமற்றவை. கரிமருந்து வழக்கில் இருந்தவரை அவை தாங்கின, கார்டைட் என்னும் புதிய மருந்தின் உஷ்ணத்திலோ சீக்கிரம் தேய்ந்தன. ஆகவே 1895-இல், ஆழமான புரிகளோடும் என்பீல்டு ஆயுதசாலையின் பெயரோடும் அது புதிதாக வெளிவந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. எதிரி தன்னுடைய மாசர் துப்பாக்கிக்குள் ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் இறக்கிக்கொண்டிருக்க, ஆங்கிலேயச் சிப்பாய் ஒவ்வொன்றாக எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தான். அந்தக் கசப்பான அனுபவத்திலிருந்து, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவான குட்டைத் துப்பாக்கியும், தோட்டாக்களைத் தகட்டோடு வைத்துத் தள்ளும் வசதியும் தோன்றின. 1907-இல் வந்த மூன்றாம் மார்க் அவற்றின் முதிர்ந்த வடிவம். நன்கு பயின்ற சிப்பாய் அதைக்கொண்டு நிமிஷத்துக்கு 15 குண்டுகளைக் குறிபார்த்தே சுட முடிந்தது.

முதல் உலக யுத்தத்தின் பதுங்கு குழிகளில் அந்த மார்க்கும் பரீட்சைக்கு உள்ளாயிற்று. அதன் பக்கவாட்டிலிருந்த நெடுந்தூரக் குறிமானி யாருக்கும் உதவவில்லை என்பதும், தோட்டாக்களைச் சேமிப்பதற்காக வைத்த தடுப்புத் தகடு வீண் வேலை என்பதும் தெளிவாகவே, 1916-இல் இரண்டையும் நீக்கினார்கள். இந்தத் திருத்தத்துக்குப் புதிய எண் கொடுக்கவில்லை. உலோகத்தில் பொறித்திருந்த பழைய எண்ணின் அருகே ஒரு சிறிய நட்சத்திரத்தை மட்டும் சேர்த்தார்கள். சிறு திருத்தத்தையும் மறைக்காமல் துப்பாக்கியின் மேலேயே பதிந்துவைத்த அந்த நேர்மை என்னை மிகவும் கவர்கிறது.

வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலைக்கும் இந்தப் பரம்பரையில் பங்கு உண்டு. 1962-இல் சீனரோடு நேர்ந்த போரில், ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் திருகி இழுக்கவேண்டிய பழைய துப்பாக்கியோடு நம் ஜவான்கள் இமயத்தில் நின்ற துயரம் நாடறிந்தது. அதன் பிறகு தானாகத் தோட்டா ஏறும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைச் செய்யத் தொடங்கிய இஷாப்பூர், அதே சமயத்தில் லீ-என்பீல்டையும் கைவிடாமல், உறுதி மிக்க எஃகைக் கொண்டு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப அதை மாற்றி அமைத்தது. அடுத்த வடிவத்தில், 2000 கஜம் வரை காட்டிய குறிமானியை 800 மீட்டருக்குக் குறைத்தது. களத்தில் யாரும் சுடாத தூரத்துக்கு அளவுகோல் எதற்கு என்று யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தொழிற்சாலை செவிசாய்த்திருக்கிறது.

புனேயிலுள்ள ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்து 1990-களில் சேனைக்கு வந்த இன்சாஸ், 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுவது. எஞ்சிய தோட்டாக்கள் எத்தனை என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி அதன் மேகசினை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். சிப்பாயின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்த ஒருவருக்கே அந்த யோசனை தோன்றியிருக்கும். ஆனால் 1999-இல் கார்கிலின் குளிரில் அந்த பிளாஸ்டிக் விரிசல் கண்டது என்றும், சுடுகிறவனின் கண்ணில் எண்ணெய் தெறித்தது என்றும் புகார்கள் எழுந்தன. திருத்தங்கள் செய்யப்படவே இல்லை என்று சொல்வது அநியாயம், செய்தார்கள். ஆனால் அவற்றைவிட மாற்றுத் துப்பாக்கியைத் தேடுவதிலேயே நாட்டம் சென்றது. 2011-இல் வெளிநாடுகளிடம் கோரிய டெண்டர் 2015-இல் ரத்தாயிற்று; அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் துப்பாக்கிகளை வாங்க 2019-இல் ஒப்பந்தமாயிற்று; உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏகே-203 செய்வதற்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தாயிற்று.

வரைகிறவர் ஓர் இலாகாவிலும், வார்க்கிறவர் வேறோர் இலாகாவிலும், சுடுகிறவர் மூன்றாவதிலுமாகப் பிரிந்து கிடப்பதே இந்தப் பொறுமையின்மைக்கு மூலகாரணம் என்று நான் நம்புகிறேன். மலைமுகட்டில் பழுதைக் கண்ட ஜவானின் சொல், பட்டறையில் அரம் பிடித்திருக்கும் தொழிலாளியின் காதை எட்டுவதற்குள், கோப்புகளின் வழியே எத்தனையோ கைகள் மாறிவிடுகிறது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இன்சாஸைச் செய்து பழகிய கைகளே, பின்னர் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்ற துப்பாக்கியையும் செய்தன. அத்தகைய தேர்ச்சி பெற்றவர்களைப் பட்டாலியன்களுக்கே அனுப்பி, அங்கே ஆயுதங்களைச் செப்பனிடும் ஆர்மரர்கள் குறித்துவைத்திருக்கும் பழுதுகளை நேரில் பார்க்கச் செய்ய வேண்டும். கோர்வாவின் துப்பாக்கி லடாக்கில் முதல் குளிர்காலத்தைக் கழித்ததும், அங்கே கண்ட குறைகளை அதை வரைந்தவரின் மேஜைக்கு இத்தனை மாதத்துக்குள் கொண்டுசேர்த்தே ஆகவேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு காலக்கெடுவை இப்போதே விதிக்க வேண்டும்.