பிரிப்பது ஒரு தடவை... கூலி எத்தனை தடவை?

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் எஸ்டிமேட்டை நம்மில் பெரும்பாலானோர் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறோம். மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு, 'ஏதாவது குறைச்சுக்குங்க' என்று ஒரு வேண்டுகோள், ஐந்நூறோ ஆயிரமோ தள்ளுபடி. ஜெயித்த திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் உண்மையில் பேச வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. 'லேபர்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கும் வரிகள்தான் அது.

பாத்ரூமில் டைல்ஸை உடைத்துத் தண்ணீர்க் குழாயை மாற்றுகிறோம். அதே சுவருக்குள் பக்கத்திலேயே ஓடும் பழைய வெந்நீர்க் குழாயை அப்படியே விட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்வோமா? சேர்த்து மாற்றினால், 'அதுக்குத் தனியா உடைச்ச கூலி' என்று பிளம்பர் கேட்டால்தான் கொடுப்போமா? வீட்டில் இவ்வளவு விவரமாக இருப்பவர்கள் கார் விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்பதில்லை. பானெட்டுக்குள் நடப்பது நமக்குப் புரியாது என்ற தயக்கம்தான் காரணம்.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. டஸ்டர் டீசல், போலோ டீசல் போன்ற வண்டிகளில் இருப்பது இந்த பெல்ட். மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர் 1.3 டீசலில் இதற்குப் பதில் செயின். உங்கள் வண்டியில் எது என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்காரர்கள் கோட்டை விடுவது இந்த வருடக் கணக்கில்தான். வண்டி ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

இந்த பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு போகாது. இப்படிப்பட்ட எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வால்வுகள் வளைந்து, ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டி வரும். பழைய வண்டியாக இருந்தால், அதற்காகும் செலவைக் கேட்டதும் வண்டியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வரும்.

இனிதான் விஷயம். பல எஞ்சின்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் இதே டைமிங் பெல்ட்தான். மேலே சொன்ன டஸ்டர், போலோ டீசல்களிலும் அப்படித்தான். பம்பை மாற்ற வேண்டுமானால் முதலில் ஃபேன் பெல்ட்டை எடுக்க வேண்டும், எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து ஒரு பக்க மவுன்ட்டைக் கழற்ற வேண்டும், புல்லியையும் கவர்களையும் எடுத்து, கடைசியில் டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். பெல்ட்டை மாற்றவும் இதே வேலைகள்தான். அதற்கு மேல் பம்புக்கென்று இருப்பது கூலன்ட்டை வடிப்பது, சில போல்ட்டுகள், ஒரு கேஸ்கெட், மறுபடி கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது. அவ்வளவுதான்.

'பம்ப் நல்லாத்தான் இருக்கு, பெல்ட் மட்டும் போதும்' என்று சிக்கனமாக முடித்துவிட்டால் என்ன ஆகும்? எட்டு மாதம் கழித்துப் பம்பின் சீல் கசிய ஆரம்பித்தால் முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும். கசிந்த கூலன்ட் புது பெல்ட்டில் பட்டிருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லலாம். கூலன்ட் எப்படியும் புதிதாகிவிடுவதால், அடுத்த சர்வீஸில் 'கூலன்ட் மாத்தணும்' என்றால் மறுத்துவிடலாம்.

சேர்த்துச் செய்யச் சொல்லியாகிவிட்டது. கூலி? புரிவதற்காக ஒரு கணக்கு. பெல்ட் மாற்றத் தனியாக 5,000 ரூபாய், பம்ப் மாற்றத் தனியாக 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 10,500 ஆகக் கூடாது. 6,000 பக்கத்தில் நிற்க வேண்டும். மிச்சம் 4,500. லேபர் மேல் ஏறும் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 5,310 ரூபாய். கெஞ்சி வாங்கும் தள்ளுபடியைவிட இது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு, அதற்கென்று ஒரு நேரம், அதற்கு ஒரு கூலி இருக்கும். ஒவ்வொரு கோடும் பானெட்டைத் திறப்பதிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறது. அட்வைசர் இரண்டு கோடுகளைத் தட்டினால் இரண்டு கூலியும் வந்து விழும். யாராவது கேட்டால்தான் அதைக் கழிக்க வேண்டும் என்று தோன்றும்.

கேட்பதற்கு எஞ்சின் படிப்பு தேவையில்லை. ஓர் அம்மா கேட்டால் பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பி, பெல்ட்டைக் கழட்டாம இந்தப் பம்பை மாத்த முடியுமா?"

"முடியாது மேடம்."

"அப்போ கழட்டுற கூலி பெல்ட் வரியிலேயே வந்துடுச்சே? பம்புக்கு மேற்கொண்டு என்ன வேலையோ அதை மட்டும் போடுங்க."

"சிஸ்டம்ல ரெண்டும் தனித்தனியாத்தான் மேடம் இருக்கு."

"இருக்கட்டும்பா. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நான் உட்கார்ந்திருக்கேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். அவசரமாகக் கிளம்ப வேண்டியவரிடம் யாரும் கணக்கைத் திருத்தமாட்டார்கள்.

கிளட்ச் வேலையிலும் இதே கதைதான். செலவில் பெரும்பங்கு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் போகிறது. இறக்கியதும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்ற வேண்டும்.

இதில் வாரன்டி நுழையும்போது கணக்கு இன்னும் சுவாரஸ்யமாகிறது. அந்த ஆயில் சீல் வாரன்டிக்குள் கசிகிறது என்றால், கியர் பாக்ஸை இறக்கும் கூலி கம்பெனியுடையது. கிளட்ச்சும் தேய்ந்திருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது பாகங்களின் விலையும் சொற்பக் கூலியும்தான். கிளட்ச் கெட்டதே ஆயில் பட்டதால்தான் என்றால், அதையும் வாரன்டியில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. வாயால் கேட்காதீர்கள். ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

சேர்த்துச் செய்வது என்றதும் இன்னொரு கூட்டமும் உள்ளே நுழையப் பார்க்கும். 'எஞ்சினைத் திறக்கிறோம், அப்படியே இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங்கும் பண்ணிடலாம் சார்.' இவற்றுக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் பொதுவாக ஒரு போல்ட்கூட இல்லை. இன்று செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் அதே கூலிதான். பம்பைக்கூட, போன வருடம்தான் மாற்றியதற்குப் பில் இருந்தால் விட்டுவிடலாம். அதற்காகத்தான் பில்களைப் பத்திரப்படுத்துவது.

வெளி மெக்கானிக்கிடமும் ஒரு எஸ்டிமேட் வாங்கிப் பார்க்கலாம். 'வெளியில் கை வைத்தால் வாரன்டி போயிடும்' என்று ஒரேயடியாகப் பயமுறுத்துவார்கள். உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தார்கள் என்பதற்காகவே வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. இருந்தாலும் எஞ்சின், கியர் பாக்ஸ் வேலைகளை வாரன்டி முடியும்வரை கம்பெனியிலேயே பார்ப்பதுதான் வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும் வழி.

வண்டியை விடும்போது 'கூடுதல் வேலை எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போனில் சம்மதம் கேட்டால், தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். செய்யாத வேலைக்கோ சொல்லாத வேலைக்கோ பில் போட்டுப் பிடிவாதம் பிடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது அந்த ஜாப் கார்டும் வாட்ஸ்அப்பும்தான்.

வண்டியை எடுக்கும்போது கழற்றிய பழைய பெல்ட்டையும் பம்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு யாரும் லேபர் போடுவதில்லை.