எல்தொராதோவை விட்டு ஏன் வந்தான்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது வோல்த்தேர் 1759இல் வெளியிட்ட ‘கான்தீத்’ எங்களுக்குப் பாடம். அதில் வரும் எல்தொராதோ நாடு இன்றும் மனதில் நிற்கிறது.

சுற்றிலும் ஏற முடியாத மலைகள். கான்தீத்தும் வேலையாள் ககாம்போவும் ஓடத்தில் ஏறி, பாறைகளுக்கு அடியில் பாயும் ஆற்றில் ஒரு நாள் முழுக்க இருட்டில் போய்த்தான் அங்கே சேருகிறார்கள். தெருப்பிள்ளைகள் பொன்னையும் மரகதத்தையும் வைத்து விளையாடுகிறார்கள். சத்திரத்தில் சாப்பாடு அரசாங்கச் செலவு. கோர்ட் இல்லை, சிறை இல்லை. எத்தனை ஃபைல் மிச்சம் என்று, குமாஸ்தாவான பிறகு நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அங்கே அவன் தங்கியது ஒரே மாதம். போவது அசட்டுத்தனம் என்று ராஜா சொல்லியும் கேட்கவில்லை. காதலியைத் தேடிப் போனான் என்பார்கள். அது பாதி உண்மை. இங்கே இருந்தால் எல்லோரையும் போலத்தான் இருப்போம், பொன்னோடு வெளியே போனால் ராஜாக்களைவிடப் பணக்காரர்கள் ஆவோம் என்பதும் அவன் கணக்கு. 102 செம்மறிகளோடு கிளம்பினான். சூரினாம் சேரும்போது மிஞ்சியவை இரண்டு. அவற்றையும் ஒரு கப்பல்காரன் ஏமாற்றிக் கொண்டுபோனான்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்புத் தோழர்கள் சிலர் பிற்பாடு பிரான்சுக்குப் போனார்கள். ‘கான்தீத்துகள்’ என்று மனதுக்குள் அவர்களை ஏசியிருக்கிறேன். அது பொறாமை என்று இப்போது தெரிகிறது.

போனது தப்பில்லை. மலைக்குள்ளேயே இருந்திருந்தால், சூரினாமுக்குப் போகும் வழியில் ஒரு கையும் ஒரு காலும் இழந்து கிடந்த அடிமையை அவன் பார்த்திருக்க மாட்டான். ஐரோப்பியர் தின்னும் சர்க்கரைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்காது. பத்திரமாக ஒளிந்திருப்பவனுக்கு அடுத்தவன் வலி எட்டாது.

நான் குறை சொல்வது, அடுத்தவனுக்கு மேலே நிற்க வேண்டும் என்ற அந்தக் கணக்கைத்தான். அது போனவர்களுக்கும் உண்டு, இருந்த எனக்கும் உண்டு. அது இருக்கும்வரை எல்தொராதோவிலேயே கொண்டு விட்டாலும் நமக்கு ஒரு மாதம்தான் தாங்கும்.

போன மாதம் பிரான்சிலிருந்து வந்திருந்த தோழனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். “நீ ஊர்லயே நிம்மதியா இருக்கேன்னு நானும்தான் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன்டா” என்றான்.