கேட்ட பாட்டை எழுதி வைங்க

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற நம்ம பசங்க காதுல எந்நேரமும் பாட்டுதான் ஓடுது. "போன மாசம் புதுசா என்னப்பா கேட்ட? ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டா மட்டும் முழிக்கிறாங்க. "அது ப்ளேலிஸ்ட்ல இருக்கும் சித்தப்பா"ங்கிறாங்க. ப்ளேலிஸ்ட்ல இருக்கு சரி, மனசுல இருக்கா?

கேசட் காலத்துல டவுன்ல ரெக்கார்டிங் சென்டர்னு கடைங்க இருக்கும். பிடிச்ச பாட்டையெல்லாம் தாள்ல எழுதிக் கொடுத்தா பதிவு பண்ணித் தருவாங்க. 60 நிமிஷ கேசட்ல ஏறக்குறைய 12 பாட்டுதான் பிடிக்கும். அதனால எது வேணும், எது வேண்டாம்னு யோசிச்சே ஆகணும். இலங்கை வானொலியில பாட்டுக்கு முன்னால படம், பாடினவங்க, இசை, எழுதினவர்னு எல்லாம் சொல்லுவாங்க. அதைக் கேட்டுக் கேட்டே நாலு விவரமும் மனப்பாடம் ஆயிடும்.

இப்ப அளவே இல்லை. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது தானா வந்துடுது. அந்த ஆப் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்குன்னு நம்பி இருந்துடுறோம். ஆனா உரிமை ஒப்பந்தம் முடிஞ்சா பாட்டு அங்கிருந்து காணாமப் போயிடும். என்ன பாட்டு போச்சுன்னுகூட நமக்குத் தெரியாது.

விவசாயி எதையும் நோட்டுல எழுதுறவன். எந்த ரகம், என்னைக்கு விதைச்சோம், எத்தனை மூட்டை கண்டுச்சுன்னு எழுதி வச்சாத்தான் அடுத்த போகத்துக்கு உதவும். பாட்டுக்கும் அதே கணக்குதான். ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, பாட்டு, படம் அல்லது ஆல்பம், பாடினவங்க, இசை, எழுதினவர், யார் சொல்லிக் கேட்டோம்னு ஒரு வரி. மாசக் கடைசியில திரும்ப ஓட்டிப் பார்த்து, மனசுல நின்னதுக்கு ஒரு டிக். 50 பாட்டுல 5 நின்னாலே நல்ல மகசூல்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பம்புசெட் வந்ததும் ஏற்றம் போச்சு, அதோட ஏற்றப்பாட்டும் போச்சு. நடவு மெஷின் வர்ற வயல்ல நடவுப்பாட்டுக்கும் இப்ப வேலையில்லை. நா. வானமாமலை மாதிரி ஆளுங்க தேடித் தொகுத்ததாலதான் (அவரோட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964ல வந்துச்சு) கொஞ்சமாவது நம்ம கைக்கு வந்திருக்கு. ஆனா அச்சுல வார்த்தைதான் நிக்கும். மெட்டு பாடினவங்களோடவே போயிடும்.

உங்க கையில இருக்கிற போன் மெட்டையும் பிடிக்கும். உங்க அப்பத்தாவோ அம்மாச்சியோ பாடுற தாலாட்டு உங்களுக்கு இதுவரை கேட்காத புதுப் பாட்டுதான். எந்த ஆப்பும் அதை உங்களுக்குக் கொண்டுவந்து காட்டாது. அவங்ககிட்ட கேட்டுட்டுப் பதிவு பண்ணுங்க. போன் வைக்கிற நம்பரை அப்படியே விட்டுடாதீங்க. பாடினவங்க பேர், ஊர், தேதி, எப்போ பாடுற பாட்டுன்னு போட்டு வைங்க. பேர் இல்லாத ஃபைல் 2 வருஷத்துல யாருக்கும் அடையாளம் தெரியாது. இன்னொரு பிரதியை வீட்டுல யாருக்காவது கொடுத்து வைங்க.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நோட்டோட வாங்க. எங்க தெருவுல பாடத் தெரிஞ்ச பாட்டிங்க இன்னும் சில பேர் இருக்காங்க.