வினாக்கள் கேட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை



பன்னிரண்டு வயதான இயேசுவைப் பெற்றோர் தேடி, எருசலேம் தேவாலயத்தில் கண்டடைந்ததை லூக்கா தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இயேசு அங்கே போதகர்களின் நடுவில் அமர்ந்து, அவர்கள் சொன்னதைக் கவனித்தார். அவர்களிடம் வினாக்களும் கேட்டார். ஞானத்தின் ஊற்றானவரே மாணவராக அமர்ந்தபோது மௌனமாயிருக்கவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகளின் வகுப்பறை கைபேசிக்குள் வந்தது. கல்வித் தொலைக்காட்சியும் காணொளிப் பாடங்களும் அநேகருக்குத் துணைநின்றன. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். பள்ளிகள் திறந்த பின்பும் அக்கருவிகள் நம்மோடு தங்கிவிட்டன. ஆயினும் ஒரு காரியம் என் மனதை உறுத்துகிறது.

அந்நாட்களில் நம் ஞாயிறு பள்ளியையும் காணொளி வழியாகவே நடத்தினோம். திரை நிறையப் பெயர்கள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று திருப்தியடைந்தேன். ஒரு நாள் ஜெபித்து முடித்து எல்லாரும் விடைபெற்ற பின்பும் ஒரு பெயர் மட்டும் திரையில் நின்றது. அழைத்தேன், பதிலில்லை. கைபேசியை வைத்துவிட்டு அவன் எப்போதோ விளையாடப் போயிருந்தான். அவனை நான் குற்றப்படுத்தவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவனிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. அவன் கேட்கவும் இடம் கொடுக்கவில்லை.

அதே வகுப்பில், ஆலயத்தில் வாய் திறவாத ஒரு சிறுமி திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுதினாள்: தாத்தாவுக்காக எல்லாரும் ஜெபித்தோமே, அவர் ஏன் பிழைக்கவில்லை? பலர் முன் எழுந்து நின்று அவளால் இதைக் கேட்டிருக்க முடியாது. ஆயத்தமான பதில் என்னிடம் இல்லை. மறுநாள் அவளைத் தொலைபேசியில் அழைத்து, லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டதைப் பற்றிப் பேசினேன்.

ஆகவே கருவியைக் குறைகூற நான் எழுதவில்லை. மறுமுனையில் செவிகொடுக்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதே என் பாரம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அச்சு இயந்திரம் என்னும் கருவியால் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதற்கு முன்போ, அவர் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார்.

பெற்றோரே, பாடத்தை முடித்தாயா என்று மட்டும் கேளாமல், இன்று என்ன கேள்வி கேட்டாய் என்றும் பிள்ளையிடம் விசாரியுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, கடைசிப் பத்து நிமிடங்களைப் பிள்ளைகளின் வினாக்களுக்கென்று ஒதுக்குங்கள். பேசக் கூச்சப்படுகிறவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டிலிருக்கும் ஒரே கைபேசியைத் தகப்பன் வேலைக்கு எடுத்துச்செல்லும் குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு. அப்பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கச் சபை மண்டபத்தைத் திறந்துவைப்போமா? சபைக் குழுவின் முன் இதை வைக்கிறேன். நீங்களும் ஜெபத்தோடு சிந்தியுங்கள்.

சிறுவரின் வினாவுக்குப் பொறுமையாய்ச் செவிகொடுக்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.