மொடல் எரிகிறது, பிள்ளைக்கு விளங்கியதா?

பிலிமத்தலாவைப் பெற்றோருக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

விஞ்ஞானக் கண்காட்சி என்றால் கண்டி டவுனுக்குப் போய் ஒரு கிட் வாங்குகிறோம். இல்லையென்றால் ரேடியோ திருத்தும் பாஸுக்குக் காசு கொடுத்து, இருட்டினால் தானாக எரியும் லைட் ஒன்றைச் செய்து எடுக்கிறோம். பிள்ளை அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறது. எரிகிறது. நாங்களும் பெயின்ட் அடித்த அட்டை வீட்டைப் பார்த்துப் புள்ளி போடுகிறோம். உள்ளே இருப்பவை என்ன செய்கின்றன என்று கேட்டால், "சேர், இது தடையி, இது திரான்சிஸ்டர்" என்கிறது பிள்ளை. நான் பெயரைக் கேட்கவில்லையே!

இத்தனைக்கும் அது மிகச் சின்னச் சுற்று. 9 வோல்ற்று பற்றரியின் நேர் முனையிலிருந்து 100 கிலோ ஓம் தடையி வழியாகத் திரான்சிஸ்டரின் அடிக்கு ஓட்டம் வருகிறது. அடிக்கும் மறை முனைக்கும் இடையில் எல்.டீ.ஆர். வெளிச்சத்தில் எல்.டீ.ஆரின் தடை குறைவு. வருகிற ஓட்டம் அதன் வழியே போய்விடும், அடியில் 0.6 வோல்ற்று சேராது, திரான்சிஸ்டர் திறக்காது. இருட்டில் அதன் தடை பல மடங்கு கூடும். போக வழியில்லாத ஓட்டம் அடிக்குள் போகும், எல்.ஈ.டீ எரியும். எல்.ஈ.டீயோடு தொடராக உள்ள 470 ஓம் தடையி, ஓட்டம் சுமார் 15 மில்லி அம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது என் கேள்வி: எல்.டீ.ஆரையும் 100 கிலோ ஓம் தடையியையும் இடம் மாற்றிப் போட்டால்? பகலில் எரியும், இரவில் அணையும். பாடமாக்கிய பிள்ளைக்கு இது வராது. சீ828 கிடைக்காமல் பீசி547 வாங்கிய பிள்ளையும் அதே கால்களை அதே ஓட்டைகளில் செருகிவிட்டு அழுகிறது. இரண்டிலும் கால்களின் வரிசை வேறு.

கிட் இல்லாத காலமும் இருந்தது. 1923இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு கொழும்பிலிருந்து ஒலிபரப்பிப் பார்த்தார். கப்பலுக்குச் செய்ததைப் பாட்டு ஒலிபரப்பப் பயன்படுத்த, எந்தப் பாகம் எதற்கு என்று விளங்கியிருக்க வேண்டும்.

"என் மகன் இன்ஜினியராகப் போவதில்லை, சேர்" என்று ஒரு வாப்பா சொன்னார். சரி. ஆனால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே? போகிற ஓட்டமும் திரும்பி வருகிற ஓட்டமும் சமமா என்று அது பார்க்கிறது. பொதுவாக வீடுகளில் உள்ளது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள்ளேயே விழுந்துவிடும். அந்த ஓட்டம் ஒரு மனிதன் வழியாகவும் கசிந்து கொண்டிருக்கலாம். "அடிக்கடி விழுது, நேரா கொடுங்க பாஸ்" என்று சொல்லி அதைக் கழற்ற வைக்கிறவர்கள் யார்? பாகத்தின் பெயர் தெரிந்து வேலை தெரியாதவர்கள்தான். எங்கள் வகுப்பில் படித்துப் பாஸானவர்களும் அதில் உண்டு.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த கண்காட்சியில் என் மேசைக்கு வரும் மொடலில் ஒரு பாகத்தைக் கழற்றிப் பிள்ளையின் கையில் கொடுப்பேன். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். அட்டை வீட்டுக்கு என்னிடம் புள்ளி இல்லை.