ஊசி தண்டனை அல்ல

"அந்த ஊசி போட்டா ஆளு கட்டையாயிருவான். அது முத்திப்போன கேசுக்கு." மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் இருக்கும் வீட்டில், புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். இது தவறு. குடும்பங்களைத் திரும்பத் திரும்ப மருத்துவமனை வாசலில் கொண்டு நிறுத்தும் தவறு.

கொந்தளித்த நிலையில் வருபவரை அமைதிப்படுத்த அவசரப் பிரிவில் போடுவார்களே, தூங்கவைக்கும் ஊசி, ஊரார் பார்த்தது அதைத்தான். நான் சொல்லும், நாள்பட வேலை செய்யும் ஊசி வேறு. பழைய மருந்தான ஃபுளூபெனசின் டெகனோயேட்டை நல்லெண்ணெயில் கரைத்துத் தயாரிக்கிறார்கள். தசையில் தங்கி மெள்ள மெள்ள இரத்தத்தில் சேர்வதால் இரண்டு முதல் நான்கு வாரம் தாங்கும். புதிய மருந்தான பாலிபெரிடோனில் மாதம் ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் வகைகளும் வந்துவிட்டன.

ஊசிக்கு அஞ்சும் அதே வீட்டில் என்ன நடக்கிறது? காதில் கேட்ட குரல்கள் அடங்கியதும் மாத்திரை நின்றுபோகிறது, அல்லது நாக்குக்கடியில் ஒதுங்கிக் கொல்லைக்குப் போகிறது. உடனே வீட்டார் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் 'சோத்துல விஷம் வைக்கிறாங்க' என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவருக்கு, கண்டுபிடிக்கும் அன்று அதற்கு ஆதாரமே கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு அம்மா கையால் அவர் எதையும் வாங்கிச் சாப்பிடமாட்டார். சொல்லிவிட்டுப் போடும் ஊசியா இதைவிடக் கொடுமை?

ஸ்வீடனில் 29,823 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த முடிவு இது: அதே மருந்தை மாத்திரையாகக் கொடுப்பதோடு ஒப்பிட்டால், ஊசியாகக் கொடுக்கும்போது மீண்டும் மருத்துவமனையில் சேரும் அபாயம் 20 முதல் 30 சதவீதம் குறைவு.

2010இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனநல அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பேருந்தையே மருத்துவமனையாக்கி அனுப்பியது. சென்னையிலிருந்த மருத்துவர் காணொளியில் பேசினார். மருந்து ஊருக்கே வந்தது. ஆனால் ஊருக்கு வந்த மாத்திரை தினமும் வயிற்றுக்குள் போகிறதா என்பதைப் பேருந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஊசியால் விறைப்பு, நடுக்கம், எடை கூடுதல் ஆகியவை வரலாம்; மாத்திரையிலும் வரலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான், அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து, உடம்பு ஏற்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மருத்துவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. "மாத்திரை சாப்பிடலேன்னா ஊசிதான்" என்று மிரட்டினால் அது தண்டனையாகத்தான் தெரியும். நோயாளி நான்காவது முறை மருத்துவமனையில் சேரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போதே இப்படி ஒரு வழி இருப்பதை நோயாளியிடமே சொல்லுங்கள். பக்க விளைவுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.