ஆற்றோரப் பூம்புல்வெளி: விதை தூவினால் மட்டும் போதுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்குப் பிறகான அரை நூற்றாண்டில் 97% பூம்புல்வெளிகள் காணாமல் போயின. உழவும் ரசாயன உரமும்தான் முக்கியக் காரணம்.

வெள்ளம் ஏறும் ஆற்றோரப் புல்வெளிக்கு வண்டலே உரம். ஆனால் சத்து மிஞ்சினால் முரட்டுப் புல் ஓங்கி, பூச்செடிகளை அமுக்கிவிடும். அதைத் தடுப்பது கோடைதோறும் நடக்கும் புல் அறுப்பு. தேம்ஸ் கரையில் கிரிக்லேடு ஊரின் நார்த் மெடோ பல நூற்றாண்டுகளாகப் பிழைத்திருப்பது இப்படித்தான்.

அழிந்த இடத்தை மீட்க, நல்ல புல்வெளியில் விதை முற்றியதும் அறுத்த பச்சைப் புல்லை உடனே கொண்டுவந்து பரப்புகிறார்கள். விதை உதிர்ந்து முளைக்கும்.

அதோடு வேலை முடியாது. 'அப்படியே விட்டா இயற்கை பார்த்துக்கும்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. அறுப்பு நின்றால் பூவும் போச்சு. விதைக்கு ஒதுக்கும் பணத்தை, வருஷா வருஷம் அறுக்கும் விவசாயிக்கும் ஒதுக்க வேண்டும்.